எல்லாருக்கும் ஒரே மொபைல் எண்ணா? 2147483647 என்ற எண்ணின் கதை

புதிதாக ஒரு வெப்சைட் உருவாக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெயர், ஊர், மொபைல் எண் ஆகியவற்றைச் சேமிக்க ஒரு டேட்டாபேஸ் டேபிள் தயார். சோதித்துப் பார்க்கப் பத்துப் பேரின் விவரங்களை உள்ளே போடுகிறார்கள். பெயர் சரி, ஊரும் சரி. ஆனால், மொபைல் எண் மட்டும் பத்துப் பேருக்கும் ஒன்றாகவே இருக்கிறது: 2147483647.

வைரஸ் வேலை இல்லை, ஹேக்கிங்கும் இல்லை. மொபைல் எண்ணைச் சாதாரண 'இன்ட்' வகையில் சேமித்ததுதான் காரணம். அந்த வகைக்குள் அடங்கும் மிகப் பெரிய எண் 2147483647. அதாவது 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. இந்திய மொபைல் எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில் தொடங்குபவை. எல்லாமே 600 கோடிக்கு மேல். உள்ளே நுழைய முடியாததால், மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் கண்டிப்பு இல்லாத அமைப்பில் இயங்கும்போது, தன்னால் முடிந்த உச்ச எண்ணைப் பதிந்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். கண்டிப்பான அமைப்பில் 'எரர்' காட்டும்.

புரோகிராமர்களுக்கு இது ஒரு எல்லைச்சுவர். கணிதவியலாளர்களுக்கோ, கணினி பிறப்பதற்கு வெகு முன்பே தெரிந்த பழைய நண்பன். இந்த எண்ணில் அப்படி என்ன இருக்கிறது? 2038-ஆம் ஆண்டை நினைத்துத் தொழில்நுட்பத் துறை கவலைப்படுவது ஏன்?

31 கட்டம் அரிசி

சதுரங்கப் பலகையும் அரிசியும் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். முதல் கட்டத்தில் 1 அரிசி, அடுத்ததில் 2, பிறகு 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். முதல் 31 கட்டங்களில் உள்ள அரிசியை மட்டும் எண்ணினால் மொத்தம் எவ்வளவு? மிகச் சரியாக 2147483647.

2-ஐ 31 முறை பெருக்கினால் 2147483648 வரும். அதில் 1-ஐக் கழித்தால் நம் எண். கணிதக் குறியீட்டில் 2³¹ − 1.

கணினியின் 32 பிட் எண்ணும் இதே பலகைதான். ஒவ்வொரு பிட்டும் ஒரு கட்டம். பிட் 1 என்றால் அந்தக் கட்டத்து அரிசி கணக்கில் சேரும், 0 என்றால் சேராது. 31 கட்டங்களும் 1 ஆனால் உச்சம் வந்துவிடும்.

சரி, 32-ஆவது கட்டம் எதற்கு? கழித்தல் குறி உள்ள எண்களையும் எழுத வேண்டுமே, அதற்கு. அந்த ஒரு கட்டத்தை மட்டும் கணினி 'கடன்' கணக்காக வைத்துக்கொள்கிறது. அதில் 1 வந்தால், 2147483648 அரிசி கடன் என்று பொருள்.

இப்போது 31 கட்டங்களும் நிறைந்திருக்கும் நிலையில் இன்னும் ஒரே ஒரு அரிசியைச் சேர்த்தால் என்ன ஆகும்? 99999 காட்டும் பழைய பைக் ஓடோமீட்டர் அடுத்த கிலோமீட்டரில் எல்லா இலக்கமும் சுழன்று 00000 ஆவது போல, 31 கட்டங்களும் காலியாகி, 1 நகர்ந்து 32-ஆவது கட்டத்தில் போய் உட்காரும். அது கடன் கட்டம். ஆகவே விடை −2147483648. ஒன்று கூட்டியதற்கு 214 கோடி கடன்! இதைத்தான் 'ஓவர்ஃப்ளோ' என்கிறார்கள்.

ஆய்லர் செய்த சிக்கனம்

இந்த எண்ணின் இன்னொரு முகம் கணிதத்தில் இருக்கிறது. 2147483647 ஒரு பகா எண். 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாது.

இப்படி 2-இன் அடுக்கிலிருந்து 1 கழித்துக் கிடைக்கும் பகா எண்களுக்கு 'மெர்சென் பகா எண்கள்' என்று பெயர். பிரெஞ்சுத் துறவி மாரின் மெர்சென் 1644-இல், எந்தெந்த அடுக்குகளுக்கு இது பகா எண் ஆகும் என்று ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் 31 இருந்தது. ஆனால், நிரூபணம் இல்லை. அந்தப் பட்டியலில் இருந்த 67, 257 ஆகிய இரண்டும் தவறு என்று பின்னாளில் தெரிந்தது. 61, 89, 107 ஆகியவற்றை அவர் விட்டுவிட்டார்.

31 விஷயத்தில் மெர்சென் சொன்னது சரிதான் என்று நிரூபித்தவர் லியோனார்டு ஆய்லர். ஆண்டு 1772. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் இருந்த அவர், அப்போது பார்வையை ஏறத்தாழ முழுவதும் இழந்திருந்தார்.

ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்க, அதன் வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். 2147483647-இன் வர்க்கமூலம் 46,340-ஐக் கொஞ்சம் தாண்டும். அதுவரை ஏறத்தாழ 4,800 பகா எண்கள் இருக்கின்றன. இன்றைய லேப்டாப்புக்குக் கண் சிமிட்டும் நேரம் போதும். கையால் என்றால் அத்தனை வகுத்தலையும் உட்கார்ந்து போட்டாக வேண்டும்.

ஆய்லர் வேலையைக் குறைக்க வழி கண்டார். இந்த வகை எண்களுக்குக் காரணிகள் இருந்தால், அவை கண்டபடி இருக்க முடியாது. சின்ன உதாரணம்: 2-இன் 11-ஆவது அடுக்கில் 1 போனால் 2047. அது 23 × 89. 11-இன் இரு மடங்கு 22. 23 என்பது 22-ஐ விட 1 அதிகம். 89 என்பது 88-ஐ விட, அதாவது 22-இன் நான்கு மடங்கை விட, 1 அதிகம். இது தற்செயல் இல்லை, விதி. ஆக, 31-ஆவது அடுக்குக்கு வரும் காரணி எதுவானாலும் 62-இன் மடங்கை விட 1 அதிகமாகத்தான் இருக்க முடியும். 46,340-க்குள் அப்படிப்பட்ட எண்கள் 747 மட்டுமே.

இன்னொரு விதியும் உண்டு. காரணியை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டுமே வர வேண்டும். 23-க்கு மீதி 7, 89-க்கு மீதி 1. இந்த வடிகட்டியில் 747-இல் பாதி போய்விடும். எஞ்சியவற்றிலும் பகு எண்களை ஒதுக்கினால், வகுத்துப் பார்க்க வேண்டியவை நூறுக்கும் குறைவு. எதுவுமே வகுக்கவில்லை. 2147483647 பகா எண் என்பது உறுதியானது.

அதன் பிறகு 1867 வரை, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு, மனிதர்களுக்குத் தெரிந்த மிகப் பெரிய பகா எண் இதுதான்.

'இதால் பயன் இல்லை' என்றவர்

மெர்சென் பகா எண் ஒன்று கிடைத்தால், கூடவே ஒரு 'நிறைவெண்ணும்' கிடைக்கும். தன்னைத் தவிர்த்த வகுத்திகள் அனைத்தையும் கூட்டினால் தானே வரும் எண்தான் நிறைவெண். 6-இன் வகுத்திகள் 1, 2, 3. கூட்டினால் 6. 28-க்கு 1, 2, 4, 7, 14. கூட்டினால் 28. நம் எண்ணை 2-இன் 30-ஆவது அடுக்கால் பெருக்கினால் 2305843008139952128 என்ற 19 இலக்க நிறைவெண் வரும்.

1811-இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் பீட்டர் பார்லோ ஒரு கணிப்பு சொன்னார். மனிதர்கள் கண்டுபிடிக்கப்போகும் மிகப் பெரிய நிறைவெண் இதுவாகவே இருக்கும் என்றார். இவை வெறும் ஆர்வத்துக்கான எண்கள், பயன் ஏதும் இல்லை, ஆகவே இதைத் தாண்டித் தேட யாரும் முனையமாட்டார்கள் என்பது அவருடைய வாதம்.

தேடல் நிற்கவில்லை. 1876-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் எட்வர்ட் லூக்கா, 2-இன் 127-ஆவது அடுக்கில் 1 குறைந்த எண் பகா எண் என்று காட்டினார். 39 இலக்கங்கள். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட மெர்சென் பகா எண்ணில் 4 கோடியே 10 லட்சத்துக்கும் அதிகமான இலக்கங்கள்.

'பயன் இல்லை' என்ற பகுதியும் பொய்யானது. விளையாட்டில் பகடை உருட்டுவது முதல் அறிவியல் சிமுலேஷன் வரை, கணினிக்கு ரேண்டம் எண்கள் தேவை. ஸ்டீபன் பார்க், கீத் மில்லர் ஆகிய இருவர் 1988-இல் பரிந்துரைத்த எளிய முறை இது: ஓர் எண்ணை எடுத்து 16807-ஆல் பெருக்கு, 2147483647-ஆல் வகு, மீதியை வைத்துக்கொள், மறுபடி செய். 1-இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073 என்று போகும். 1 முதல் 2147483646 வரை உள்ள ஒவ்வோர் எண்ணையும் ஒரே ஒரு முறை தொட்ட பிறகுதான் தொடங்கிய இடத்துக்குத் திரும்பும். வகுக்கும் எண் பகா எண்ணாக இருப்பதும், பெருக்கும் எண்ணைக் கவனமாகத் தேர்ந்ததும்தான் இதற்குக் காரணம். பாஸ்வேர்டு, ஓடிபி போன்ற பாதுகாப்பு வேலைகளுக்கு இந்த முறை உதவாது. ஆனால், சி++ மொழியின் நூலகத்தில் இன்றும் இது இருக்கிறது.

ஒரு சந்தேகம் வரலாம். பகா எண் என்பதால்தான் இது கணினியின் எல்லையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதா? இல்லை. 16 பிட்டின் உச்சமான 32767 பகா எண் இல்லை, அது 7 × 31 × 151. 64 பிட்டின் உச்சமும் 7-ஆல் வகுபடும். 32 பிட் கணினியில் ஒரு பிட்டைக் குறிக்காக ஒதுக்கியபோது மீதி 31. அந்த 31-இல் ஆய்லரின் பகா எண் ஏற்கெனவே காத்திருந்தது. அவ்வளவுதான்.

நிரம்பி வழிந்த இடங்கள்

214 கோடி என்பது ஒரு காலத்தில் எட்டவே முடியாத தூரமாகத் தெரிந்தது. எட்டிய சில இடங்கள்:

யூடியூப், 2014: தென்கொரியப் பாடகர் சையின் 'கங்னம் ஸ்டைல்' வீடியோவின் பார்வை எண்ணிக்கை 32 பிட் உச்சத்தைத் தாண்டும் நிலைக்கு வந்தது. கவுன்ட்டரை 64 பிட்டுக்கு மாற்றியதாக யூடியூப் டிசம்பரில் அறிவித்தது. முன்கூட்டியே கவனித்ததால் பிரச்சினை இல்லை.

பேஸ்கேம்ப், 2018: பணிகளை நிர்வகிக்க உதவும் இந்தச் சேவையின் டேட்டாபேஸில், ஒரு டேபிளின் வரிசை எண் நவம்பர் 8 அன்று 2147483647-ஐத் தொட்டது. அடுத்த வரிக்கு எண் இல்லை. ஏறத்தாழ ஐந்து மணி நேரம் பயனர்கள் பழைய தகவல்களைப் பார்க்க முடிந்ததே தவிர, புதிதாக எதையும் பதிய முடியவில்லை. அவர்கள் பயன்படுத்திய 'ரெயில்ஸ்' கட்டமைப்பு முந்தைய ஆண்டே புதிய டேபிள்களுக்கு 64 பிட்டை இயல்பாக்கிவிட்டது. பழைய டேபிள் மட்டும் பழையபடியே இருந்தது.

போயிங் 787, 2015: விமானத்தின் மின்சாரம் தொடர்ந்து 248 நாட்கள் நிறுத்தப்படாமல் இருந்தால், ஜெனரேட்டர்களைக் கட்டுப்படுத்தும் கருவிகளில் உள்ள ஒரு கவுன்ட்டர் நிரம்பி வழியும், அவை ஒரே நேரத்தில் செயலிழக்கலாம் என்று தெரியவந்தது. குறிப்பிட்ட இடைவெளியில் மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் இயக்க வேண்டும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் உத்தரவிட்டது. விநாடியின் நூறில் ஒரு பங்கை அலகாக வைத்து எண்ணினால், 2147483647-ஐத் தொட 248 நாட்களும் சில மணி நேரமும் ஆகும்.

புரோகிராமிங் இன்டர்வியூவில் கேட்கப்படும் 'பைனரி சர்ச்' கூடத் தப்பவில்லை. இரண்டு இடங்களின் நடுப்புள்ளியைக் கண்டுபிடிக்க இரண்டையும் கூட்டி 2-ஆல் வகுப்பார்கள். கூட்டுத்தொகை 214 கோடியைத் தாண்டினால் கழித்தல் குறியோடு விடை வரும். ஜாவா மொழியின் நூலகத்திலேயே இந்தப் பிழை பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. 2006-இல்தான் வெளியே தெரிந்தது.

2038 ஜனவரி 19, காலை 8.44

எல்லாவற்றையும் விடப் பெரிய எல்லை இனிமேல்தான் வரப்போகிறது.

யூனிக்ஸ் வழியில் வந்த கணினிகள் நேரத்தை ஒரே ஓர் எண்ணாக வைத்திருக்கின்றன. 1970 ஜனவரி 1, சர்வதேச நேரம் நள்ளிரவு 12 மணியிலிருந்து எத்தனை விநாடிகள் கடந்தன என்பதே அந்த எண். பல பழைய அமைப்புகளில் இதற்கு ஒதுக்கப்பட்டது 32 பிட். 2147483647 விநாடிகள் என்பது 68 ஆண்டுகளும் 18 நாட்களும் சொச்சமும்.

அந்தக் கணக்குப்படி, இந்திய நேரம் 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு 31 கட்டங்களும் நிறையும். அடுத்த விநாடியில் கடன் கட்டம். சரிசெய்யப்படாத கணினி, சர்வதேச நேரப்படி 1901 டிசம்பர் 13-க்குப் பின்னோக்கிப் போய்விடும்.

'2038-க்கு இன்னும் காலம் இருக்கே' என்று தோன்றலாம். ஆனால், மென்பொருள்கள் இன்றைய தேதியை மட்டும் கணக்கிடுவதில்லை. இன்று வாங்கும் 20 ஆண்டு வீட்டுக் கடனின் கடைசித் தவணை, நீண்டகாலக் காப்பீட்டின் முதிர்வுத் தேதி எல்லாமே 2038-ஐத் தாண்டியவை. அந்தக் கணக்கு 32 பிட் நேரத்தில் நடந்தால், பிழை இன்றே தலைகாட்டும்.

தீர்வு இருக்கிறது: 64 பிட். அதன் உச்சம் 9223372036854775807. அத்தனை விநாடிகள் முடிய ஏறத்தாழ 29,200 கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான். இன்றைய மொபைல்களும் லேப்டாப்களும் பெரும்பாலும் 64 பிட் நேரத்துக்கு மாறிவிட்டன. 32 பிட் கருவிகளும் 2038-ஐத் தாண்டி இயங்கும் வசதி, 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6 பதிப்பில் சேர்க்கப்பட்டது.

சிக்கல், யாரும் அப்டேட் செய்யாத கருவிகளில்தான். தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள், மீட்டர்கள், சிசிடிவி ரெக்கார்டர்கள் போன்றவற்றை ஒருமுறை பொருத்தினால் பத்து, இருபது ஆண்டுகள் அப்படியே விட்டுவிடுவார்கள். உள்ளே என்ன மென்பொருள் ஓடுகிறது என்பதை வாங்கியவரும் பார்ப்பதில்லை.

உங்கள் கோடில் என்ன பார்க்க வேண்டும்?

* மொபைல் எண், ஆதார் எண், அக்கவுன்ட் எண் ஆகியவற்றை எண்ணாகச் சேமிக்காதீர்கள். இவற்றைக் கூட்டவோ பெருக்கவோ போவதில்லை. எழுத்து வகையில் சேமித்தால், முன்னால் வரும் பூஜ்ஜியமும் தொலையாது.

* வேகமாக வளரும் டேபிள்களின் வரிசை எண் எந்த வகையில் இருக்கிறது, இப்போது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பாருங்கள். பாதியைத் தாண்டியிருந்தால் 'பிக்இன்ட்' வகைக்கு மாற்றும் வேலையை இப்போதே திட்டமிடுங்கள். பெரிய டேபிளை மாற்ற நேரம் பிடிக்கும்.

* மைஎஸ்க்யூஎல்லில் 'டைம்ஸ்டாம்ப்' வகை 2038 ஜனவரி 19 வரைதான் தாங்கும். எதிர்காலத் தேதிகளுக்கு 'டேட்டைம்' வகையே பாதுகாப்பு. அது 9999-ஆம் ஆண்டு வரை போகும்.

* தேதியைக் கையாளும் எந்தப் புரோகிராமையும் 2038-க்குப் பிந்தைய ஒரு தேதியைக் கொடுத்துச் சோதியுங்கள். ஐந்து நிமிட வேலை.

'நம்ம புராஜெக்ட் எங்க அவ்வளவு பெருசா வளரப்போகுது' என்பதுதான் வழக்கமான சமாதானம். யுபிஐ பரிவர்த்தனைகளைப் பாருங்கள். 2016-இல் தொடங்கிய இந்தச் சேவையில், 2020 நவம்பர் மாதத்தில் மட்டும் 220 கோடிக்கும் அதிகமான பரிவர்த்தனைகள் நடந்தன. 2025 ஆகஸ்டில் அது மாதத்துக்கு 2,000 கோடியைத் தாண்டியது. அந்த வேகத்தில் 214 கோடியைத் தொட நான்கு நாட்கள்கூட ஆகாது.

பெரிய எண் என்று நாம் நினைப்பதெல்லாம் நம் காலத்துக்குப் பெரியது, அவ்வளவுதான். 1811-இல் பார்லோவுக்கு 2147483647-ஐத் தாண்ட ஒரு தேவையும் தெரியவில்லை. நேரத்தை 32 பிட்டில் அடக்கியவர்களுக்கும் 2038 வெகு தூரத்தில்தான் இருந்தது. இன்று ஒரு டேபிளில் 'இன்ட்' என்று டைப் செய்பவரும் அதே போன்ற ஒரு கணிப்பைத்தான் சொல்லிவிட்டுப் போகிறார்.